ஜூரி அறைக்குள் போன ஒரு தகவல்: லூட்டன் வழக்கு, 2011

இங்கிலாந்தில் லூட்டன் கிரவுன் நீதிமன்றத்தில் 2011 ஜூலையில் நடந்த ஒரு தாக்குதல் வழக்கு, ஜூரி, அதாவது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு, முடிவுக்கு வரவேண்டிய கட்டத்தில் நின்றுபோனது. அந்தக் குழுவின் உறுப்பினர்களான ஜூரர்களில் ஒருவர் இணையத்தில் சில சொற்களைத் தேடியதும், தேடிக் கிடைத்ததை மற்றவர்களிடம் சொன்னதும்தான் காரணம். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை. பாடம் நடந்த விதத்தில் இருப்பதால் பெயர்கள் தேவையும் இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஜூரி என்பது பழங்கதை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே வைக்கப்படவில்லை. இலங்கையில் மேல் நீதிமன்றத்தின் சில வழக்குகளில் ஏழு பேர் கொண்ட ஜூரி இன்றும் உண்டு. பிரிட்டனில் குடியேறிய தமிழர்களுக்கோ இது வீட்டுக் கதவைத் தட்டும் விஷயம்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் என்றாவது ஒருநாள் அழைப்பாணை தபாலில் வந்து விழலாம்.

பின்னணி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜூரர்களைக் கணினி எடுக்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்பட்டு அழைப்பாணை அனுப்பப்படும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வயதின் மேல் வரம்பு அப்போது 70. 2016இல் அது 75 ஆனது. காமன்வெல்த் நாட்டவர்களும் அங்கே வாக்காளராகப் பதியலாம் என்பதால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் அழைப்பு வரும். சட்டப் படிப்போ முன் அனுபவமோ தேவையில்லை. பொதுவாகப் பத்து வேலைநாள் பணி.

குறித்த நாளில் வந்தவர்களில் பதினைந்து பேர் வரை ஒரு வழக்குமன்றத்துக்குள் அழைத்துச் செல்லப்படுவார்கள். பெயர்ச்சீட்டுகளைக் கலைத்துப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். ஒவ்வொருவரும் உறுதிமொழி சொல்வார்கள். சாட்சியத்தின்படி உண்மையான தீர்ப்பு வழங்குவேன் என்பதே அதன் சாரம். ‘சாட்சியத்தின்படி’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் லூட்டன் வழக்கின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் மீது இருந்தது, வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டு. உடலுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் வரும் இதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அவர் முன்பு ஒரு பாலியல் வன்கொடுமைப் புகாரில் விசாரிக்கப்பட்டு விடுதலை ஆகியிருந்தார். அது இந்த ஜூரியிடம் சொல்லப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் கடந்தகாலத்தில் எதை ஜூரி கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை இருதரப்பு வாதத்துக்குப் பிறகு நீதிபதியே முடிவு செய்கிறார். கண்ணால் பார்க்காத ஒரு சம்பவத்தை எடைபோடும் மனிதருக்கு ‘இவர் மீது முன்பே இப்படியொரு பேச்சு உண்டு’ என்ற எண்ணம் வந்துவிட்டால், தராசு சாய்ந்துவிடும். விடுதலையான வழக்கு என்றாலும் சாயும்.

ஜூரர்களுக்குச் சொல்லப்பட்டவை

இணையத்தில் தேடக் கூடாது என்பது அந்த ஜூரருக்கு ஒரு முறையல்ல, பல முறை சொல்லப்பட்டது. பணிக்கு வந்த நாளில் ஜூரரின் கடமைகளை விளக்கும் காணொளி காட்டப்பட்டது. ஜூரர்களுக்குப் பொறுப்பான அலுவலர் வாய்மொழியாக விளக்கினார். காத்திருப்பு அறைச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வழக்கு விவரங்களை இணையத்தில் ஆராய்வது நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம், அதற்கு அபராதமோ சிறையோ கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஜூரி அமர்ந்த பிறகு நீதிபதியும் இணையத்தின் பக்கம் போக வேண்டாம் என்று நேரில் சொன்னார்.

அதே ஆண்டு ஜூன் மாதம்தான், மான்செஸ்டரில் நடந்த போதைப்பொருள் வழக்கின் ஜூரர் ஒருவர், அதே வழக்கில் விடுதலையான பெண்ணோடு ஃபேஸ்புக்கில் பேசியதற்காக எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றிருந்தார். நாளிதழ்களில் பெரிதாக வந்த செய்தி அது.

இத்தனைக்கும் பிறகு எப்படி நடந்தது என்ற கேள்வி இயல்பானது. சொல்லப்பட்டவை எல்லாம் ‘செய்யாதே’ என்ற தடைகள். ஏன் கூடாது என்பதும், சந்தேகம் வந்தால் அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே அழுத்தத்தோடு ஜூரர்களின் மனதில் பதிந்தால்தான் தடை நிற்கும். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் பேராசிரியர் செரில் தாமஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரபரப்பான வழக்குகளில் பணியாற்றிய ஜூரர்களில் 12 சதவீதத்தினரும், சாதாரண வழக்குகளில் 5 சதவீதத்தினரும் தங்கள் வழக்கைப் பற்றி இணையத்தில் தேடியதாகத் தாமே ஒப்புக்கொண்டார்கள். லூட்டனில் நடந்தது தனியொருவரின் விபரீதம் என்று ஒதுக்க முடியாது.

தேடல்

இந்த ஜூரர் கல்வித்துறையில் பணியாற்றியவர். ஒரு சொல் புரியாவிட்டால் எடுத்துப் பார்ப்பது இயல்பாகிப்போனவர். தான் முதலில் தேடியது ‘கொடுங்காயம்’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பொருளைத்தான் என்று பின்னர் சொன்னார். அதோடு ‘லூட்டன்’ என்ற ஊர்ப்பெயரையும் சேர்த்திருக்கிறார். அந்தச் சேர்க்கையில் ஒரு செய்தித்தாள் அறிக்கை வந்து நின்றது. அதில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரும் பழைய பாலியல் புகாரும் இருந்தன.

சொல்லின் பொருளைத் தேடுவதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலேயச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ‘உண்மையிலேயே கடுமையான காயம்’ என்பதே பொருள். கடுமை எவ்வளவு என்பதைச் சாட்சியத்தைக் கொண்டு ஜூரிதான் அளக்க வேண்டும். அதே ஆங்கிலச் சொல்லின் வடிவம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவிலும் இருந்தது. ஆனால் அங்கே அது எட்டு வகைக் காயங்களின் பட்டியல்: கண்பார்வை இழப்பு, எலும்பு முறிவு, 20 நாட்களுக்குக் கடும் உடல்வலி என்று போகும். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 20 நாள் 15 ஆகிவிட்டது. தேடுபொறிக்கு இந்த வேறுபாடு தெரியாது. எந்த நாட்டுச் சட்டத்தையும் எந்த ஆண்டுச் சட்டத்தையும் முன்னால் வைக்கும். லூட்டனில் உட்கார்ந்த ஜூரர் இந்தியாவில் இயற்றிய வரையறையை வைத்துக்கொண்டு ஒருவரை ஆயுள் சிறைக்கு அனுப்பவோ விடுவிக்கவோ முடியும். மற்ற பதினொருவரும் நீதிபதி தந்த பொருளை வைத்திருப்பார்கள். ஒரே மேசையில் இரண்டு சட்டங்கள்.

அவருக்கு இருந்த சரியான வழி மிக எளியது. கேள்வியை ஒரு தாளில் எழுதி, ஜூரிக்குப் பொறுப்பான நீதிமன்றப் பணியாளரிடம் கொடுத்தால் அது நீதிபதி கைக்குப் போகும். நீதிபதி அதை இருதரப்பு வழக்கறிஞர்களோடும் கலந்து, திறந்த நீதிமன்றத்தில் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். கேள்வி அற்பமானது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சட்டச் சொல்லின் பொருள் என்ன என்பது நீதிபதிகளுக்குப் பழகிய கேள்விதான்.

கலந்தாய்வு அறையில்

சாட்சியமும் வாதமும் முடிந்து ஜூரி தனியறைக்குப் போன பிறகு, கலந்தாய்வின்போது அந்த ஜூரர் தான் இணையத்தில் பார்த்ததை மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் மீது முன்பு ஒரு பாலியல் புகார் இருந்தது என்ற செய்தி அப்போதுதான் அறைக்குள் வந்தது.

கேட்டவர்களில் ஒருவர் இதை நீதிமன்ற ஊழியரிடம் தெரிவித்தார். வழக்கின் போக்கை மாற்றியது இந்தச் செயல்தான். ஆனாலும் இந்நிகழ்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அவருக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. சில நாட்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து தேநீர் குடித்த ஒருவரைக் காட்டிக்கொடுப்பது போன்ற உணர்வு யாருக்கும் வரும். நடந்ததை மறந்துவிட்டுத் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் தோன்றும். அவர் அப்படிச் செய்யவில்லை.

அவர் அன்றே பேசியது ஏன் முக்கியம்? ஜூரி அறையில் பேசப்பட்டவை இரகசியம். தீர்ப்பு வந்த பிறகு ஜூரர்கள் வந்து ‘உள்ளே இப்படி நடந்தது’ என்று சொன்னால், மேல்முறையீட்டில் அதை ஏற்க மாட்டார்கள் என்பது 2004இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்த விதி. அந்த விதிக்கு மிகக் குறுகிய விலக்குகளே உண்டு. வெளியிலிருந்து தகவல் உள்ளே நுழைந்தது அப்படிப்பட்ட ஒன்று. 2005இல் ஒரு பாலியல் வழக்கில், தீர்ப்புக்குப் பிறகு ஜூரி அறையில் இணையத்திலிருந்து அச்சிட்ட தாள்கள் கிடைத்து, அந்தக் குற்றத்தீர்ப்பே ரத்தானது. அங்கே தாள் சிக்கியது. வாய்ப்பேச்சு தாள்போல் சிக்காது. லூட்டனில் அந்த ஒருவர் வாயைத் திறக்காதிருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கெதிராக என்ன பேசப்பட்டது என்பதே தெரியாமல், மறுத்துப் பேச வாய்ப்பே இல்லாமல், தண்டனை பெற்றிருக்கலாம்.

நீதிபதியின் முடிவு

இத்தகைய நிலையில் நீதிபதி முன் மூன்று வழிகள் இருக்கும். கேட்டதை மறந்துவிடும்படி அறிவுறுத்திவிட்டுத் தொடரலாம். தவறிழைத்த ஜூரரை மட்டும் விலக்கி மீதிப் பதினொருவரோடு முடிக்கலாம்; எண்ணிக்கை ஒன்பதுக்குக் கீழே போகாத வரை வழக்கு செல்லும் என்று சட்டம் இடம் தருகிறது. அல்லது முழு ஜூரியையும் கலைக்கலாம்.

முதல் வழி சிறிய சறுக்கல்களுக்குப் பொருந்தும். பாலியல் வன்கொடுமை என்ற சொல்லைக் கேட்டவர் கேட்காதவர் ஆக மாட்டார். இரண்டாவது வழி, அந்த ஜூரர் தான் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால், அல்லது தானே முதலில் நீதிபதிக்கு எழுதியிருந்தால், திறந்திருக்கும். பகிர்ந்துகொண்ட கணத்தில் அது மூடிவிட்டது. தேடல் ஒருவரைத்தான் கறைப்படுத்தியது, பகிர்வு எல்லோரையும். நீதிபதி ஜூரியைக் கலைத்தார்.

வழக்கு புதிய ஜூரி முன் முதலிலிருந்து தொடங்கியது. தாக்கப்பட்டவர் மறுபடி சாட்சிக்கூண்டு ஏறினார். நடந்த கொடுமையை முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் முன்னிலையில் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணையையும் இன்னொரு முறை தாங்க வேண்டியிருந்தது. ஜூரரின் தேடலால் நேர்ந்த இழப்புகளில் மிகக் கனமானது இதுதான். மறுவிசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. பழைய புகார் எதுவும் தெரியாமலே, சாட்சியத்தை மட்டும் வைத்து அந்த ஜூரி அந்த முடிவுக்கு வந்தது. முதல் ஜூரிக்கும் இணையத்தின் உதவி தேவைப்பட்டிருக்கவில்லை.

அவமதிப்பு வழக்கு

காவல்துறை விசாரணைக்குப் பிறகு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் அந்த ஜூரர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுத்தார். இங்கிலாந்துத் தலைமை நீதிபதி தலைமையிலான உயர் நீதிமன்ற அமர்வு அதை விசாரித்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் அளவுகோலே அங்கும்.

தேடியதை அவர் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்டார். ஆனால் தடை இருந்தது தனக்குத் தெளிவாகப் புரியவில்லை, தன் ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை, கெடுதல் செய்யும் எண்ணமும் இல்லை என்றார். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தடை தெளிவாகச் சொல்லப்பட்டது, அவர் புரிந்துகொண்டே மீறினார் என்று கண்டது. தீர்ப்பை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற சதி எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. நீதிபதியின் உத்தரவை அறிந்தே மீறியதும் அதனால் நீதி வழங்கலுக்கு உண்மையான கேடு நேர்ந்ததும் போதும் என்பது நிலைப்பாடு. 2012 ஜனவரியில் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. பாதியைக் கழித்தபின் வெளியே வரலாம்.

அவமதிப்புக் குற்றத்தின் வரம்பு முன்கூட்டியே அறிய முடியாத அளவுக்கு மங்கலாக இருந்தது என்று அவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். 2016 பிப்ரவரியில் அந்த நீதிமன்றமும் அவருடைய முறையீட்டை நிராகரித்தது.

ஆங்கிலம் போதவில்லை என்ற வாதத்தை நம் மக்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். மொழிக்குறை இருந்தால் அதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது: 1974ஆம் ஆண்டு ஜூரிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. ஆங்கிலம் புரிவதில் ஐயம் இருப்பவரை நீதிபதி முன் நிறுத்தலாம். போதாது என்று அவர் கருதினால் அழைப்பாணையை நீக்கிவிடுவார். இதில் தண்டனையோ அவமானமோ இல்லை. ஆனால் வாசல் திறந்திருப்பது தொடக்கத்தில். ‘மருத்துவ சாட்சியம் எனக்குப் பிடிபடாது’ என்று முதல் நாளே சொல்வதற்குக் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டு, பிடிபடாத சொல்லை இரவில் வீட்டில் தேடுவதும் பிள்ளைகளிடம் கேட்பதும் ஆபத்தான பாதை. பிள்ளைகளிடம் கேட்பதும் தேடல்தான்.

பின்னால் வந்த மாற்றங்கள்

2013இல் இன்னும் இரண்டு ஜூரர்கள் தலா இரண்டு மாதச் சிறை பெற்றார்கள். ஒருவர் தன் வழக்கைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினார். மற்றவர் ஒரு மோசடி வழக்கில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தேடினார். அதே ஆண்டு சட்ட ஆணையம் ஜூரர்களின் நடத்தை குறித்துப் பரிந்துரைகள் தந்தது. 2015 ஏப்ரலில் ஜூரிச் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன.

இவற்றின்படி, ஜூரர் விசாரணைக் காலத்தில் வழக்குக்குப் பொருத்தமான தகவலை வேண்டுமென்றே தேடினால் அது தனிக் குற்றம்; இரண்டு ஆண்டு வரை சிறை. இணையம் மட்டுமில்லை. சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்ப்பது, வீட்டில் ஒரு சோதனை செய்து பார்ப்பது, தெரிந்தவரிடம் கேட்பது எல்லாம் அடங்கும். வழக்கில் வரும் மனிதர்கள், நீதிபதி, சம்பந்தப்பட்ட சட்டம், நடைமுறை எதைத் தேடினாலும் இதில் சேரும். தேடியதை மற்ற ஜூரருக்குச் சொல்வது இன்னொரு குற்றம். சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பளிக்கப் போவதில்லை என்று காட்டும் நடத்தை மூன்றாவது. நீதிபதி நேரடியாகத் தடை சொன்னாரா, காதில் விழுந்ததா என்ற வாதங்களுக்கு இப்போது முன்போல இடமில்லை, சட்டமே தடுக்கிறது. அட்டர்னி ஜெனரல் தொடரவோ சம்மதிக்கவோ வேண்டும். முக்கியமான மாறுதல் இன்னொன்று: லூட்டன் ஜூரரை விசாரித்தவர்கள் நீதிபதிகள் மட்டுமே. இப்போது இப்படிப்பட்டவரை விசாரிப்பது இன்னொரு ஜூரி.

ஜூரர்களின் கைபேசிகளை ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் நீதிபதிக்குத் தெளிவாகத் தரப்பட்டது. கலந்தாய்வு அறைக்குள் அது உதவும். மாலையில் வீட்டுக்குப் போகும் ஜூரர் முன் இருக்கும் கணினியை எந்த உத்தரவும் எடுத்துவிட முடியாது.

இனி வேறாகச் செய்யக்கூடியவை

சட்டச் சொற்களை எழுதிக் கொடுப்பது முதலாவது. செரில் தாமஸின் அதே ஆய்வில், நீதிபதி வாயால் சொன்ன சட்ட விளக்கத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட ஜூரர்கள் 31 சதவீதம்தான். எழுத்தில் ஒரு சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அது 48 ஆனது. லூட்டன் ஜூரருக்குத் தேடும் ஆசை வந்த இடம் ஒரு சொல்லின் பொருள். ‘இந்த வழக்கில் இச்சொல்லுக்கு இதுதான் பொருள்’ என்று ஒரே ஒரு வரி கையில் இருந்திருந்தால் ஆசைக்கு முதல் காரணமே இருந்திருக்காது. இப்போது நீதிபதிகள் முடிவுக்குச் செல்லும் வழியைக் கேள்விகளாக எழுதித் தருவது பரவலாகியிருக்கிறது: ‘அவர் தாக்கினார் என்பது உறுதியா? இல்லையென்றால் இங்கே நிறுத்துங்கள், அவர் குற்றவாளியில்லை. ஆம் என்றால் அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள்.’ இது நல்ல முறை.

அடுத்தது, சீட்டு எழுதும் வழியைத் தடையோடு சேர்த்தே சொல்வது. முதல் நாளிலேயே வெற்றுத் தாளைக் கையில் கொடுத்து, எங்கே எழுதுவது, யாரிடம் கொடுப்பது, என்ன எழுதக் கூடாது என்று காட்டிவிட வேண்டும். எழுதக் கூடாதது ஒன்றே: எத்தனை பேர் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்ற கணக்கு.

மூன்றாவது, மற்ற பதினொருவருக்கான அறிவுரை. ஒரு ஜூரர் ‘நான் இணையத்தில் பார்த்தேன்’ என்று வாயெடுத்தால் அவரை மேலே பேசவிடக் கூடாது. என்ன பார்த்தார் என்று கேட்கவும் கூடாது. கேட்டால் அதுவே பரவல். கலந்தாய்வை அங்கேயே நிறுத்தி, ஜூரித் தலைவரோ வேறு யாரோ உடனே சீட்டெழுதி நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். உள்ளடக்கத்தை எழுதாமல், ஒருவர் வெளியிலிருந்து தகவல் பெற்றிருப்பதாக மட்டும் எழுதினால் போதும். அரை வாக்கியத்தில் நிறுத்திவிட்டால், ஒருவரை விலக்கிவிட்டுப் பதினொருவரோடு வழக்கை முடிக்கும் வாய்ப்பு மிஞ்சும். தாக்கப்பட்டவர் இரண்டாம் முறை கூண்டேற வேண்டி வராது.